மாமனார் நீட்டாத கழுத்து

கழுத்துக்கு நம் மொழியில் நல்ல பெயர் கிடையாது. நம்பியவனை ஏமாற்றினால் கழுத்தை அறுத்துவிட்டான் என்கிறோம். விடாமல் பேசினாலும் கழுத்தறுப்பு என்கிறோம். பிடிக்காதவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறோம். வேண்டாத பொறுப்பை எவனாவது ஏமாந்தவன் கழுத்தில் கட்டிவிடுகிறோம். இவ்வளவுக்கும் பிறகு ஒரு மனிதன் தானாக வந்து, நாற்காலியில் சாய்ந்து, கண்ணையும் மூடிக்கொண்டு, கையில் கத்தி வைத்திருக்கும் இன்னொரு மனிதனிடம் தன் கழுத்தை நீட்டுகிறான் என்றால் அது சலூனில் மட்டும்தான் நடக்கும்.

நம் ஆள் அப்படி நீட்டப்பட்ட கழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே நரைத்தவர். அவருக்கும் அப்பா அம்மா ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது இப்போது யாருக்கும் நினைவில்லை. "தாலாட்டு கடை எங்கே?" என்று கேட்டால் தெருமுனையில் நிற்கிற எவரும் கை காட்டுவார்கள். பருத்த உடம்பு, மெத்தென்ற விரல்கள், பவுடர் வாசனை. வாய் மட்டும் கத்தரிக்கோலைவிட வேகமாக ஓடும். அந்த வாய்க்கு நியாயமாக வைத்திருக்க வேண்டிய பெயர் வேறு. ஆனால் தன் கையால் அவர் தாலாட்டு என்று பெயர் வாங்கிவிட்டார்.

கடை என்பது நீளமான ஓர் அறை. மூன்று நாற்காலிகள். முதல் நாற்காலியின் தோல் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். நடு நாற்காலி சாயும், ஆனால் நிமிராது, இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். மூன்றாவதுதான் ராஜ நாற்காலி, அதில் உட்கார ஆட்கள் காத்திருப்பார்கள். எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே பலகையில் சீப்புகள், படிகாரக் கல், தண்ணீர் பீச்சுகிற புட்டி. மாடியில் வீடு. வீட்டில் மனைவி பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக்கொடுப்பாள். சட்டைக் காலர் வைப்பதில் அவளை அடிக்க ஆளில்லை என்று பெயர். ஆகக் கீழே புருஷன், மேலே பெண்டாட்டி, குடும்பமே ஊரார் கழுத்தை நம்பித்தான் சாப்பிட்டது.

வாசலை ஒட்டிய பெஞ்சில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். அவர்தான் பெரியவர், தாலாட்டுக்கு மாமனார். இந்தக் கடையை ஆரம்பித்தவர் அவர்தான். வயசான பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் மாப்பிள்ளை கையில் ஒப்படைத்தார். பெண்ணைக் கொடுத்தார், கடையைக் கொடுத்தார், கழுத்தை மட்டும் கொடுக்கவில்லை.

அதாவது, ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் பெரியவர் மாடிப்படி இறங்கி வருவார். தோளில் வெள்ளைத் துண்டு. மூன்று நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடந்து, "மாப்ளே, மழை வரும்போல இருக்கே" என்று வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டுவார். எதிர்ச்சாரியில் ஒரு சலூன் உண்டு. அதன் முதலாளி முகத்தில் எப்போதும் உறக்கம். கத்தி பிடித்தால் இரண்டு கன்னத்துக் கிருதாவும் இரண்டு அளவாக வரும். அந்த மகானிடம் போய்ப் பெரியவர் சேவிங் செய்துகொண்டு, மறுபடி ரோட்டைத் தாண்டி வந்து, மாப்பிள்ளை கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகையை விரிப்பார்.

சொந்தக் கடையை வைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குத் துண்டோடு போகிற மாமனாரைத் தெருவே பார்த்தது. தெரு பார்த்தால் தெரு பேசும். "என்னப்பா, உன் மாமனாருக்கே உன் கைமேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. தாலாட்டு சிரித்து மழுப்புவார். "பெரியவருக்கு நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு சார்." ரோட்டின் அகலம் பத்தடி. நடைப்பயிற்சி என்றால் அப்படி ஒரு நடைப்பயிற்சி.

உள்ளுக்குள் அவருக்கு அது முள்ளாகத்தான் இருந்தது. ஊர் முழுக்க அவரிடம் கழுத்தை நீட்டுகிறது. நீட்ட வேண்டிய ஒரு கழுத்து மட்டும் ரோட்டைத் தாண்டிப் போகிறது. என்றாவது ஒருநாள் அந்த மனுஷர் மூன்றாவது நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "எங்கே மாப்ளே, உன் கையைக் காட்டு" என்று சொல்ல வேண்டும். அதைத் தெரு பார்க்க வேண்டும். அவருக்கு இந்த ஜன்மத்தில் வேறு எந்த ஆசையும் பெரிதாக இல்லை.

"அப்பாகிட்ட நேரா கேட்டுட வேண்டியதுதானே?" என்பாள் மனைவி, வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே.

"கேட்டு வாங்கறதா அது? மரியாதைன்னா தானா வரணும்."

"அப்ப வர்ற வரைக்கும் காத்திருங்க. எனக்குக் காலர் வேலை இருக்கு."

தாலாட்டு என்ற பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். கடையை ஏற்ற புதிதில் ஒருநாள் அவர் வழக்கம்போல முடி வெட்டி முடித்து, தலையைப் பிடித்துவிட்டு, கழுத்துக்கு இறங்கினார். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும், துடிக்கிற இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே விரல்கள் பதிந்து சற்று அழுத்தின. நாற்காலியில் இருந்தவர் அப்படியே கண் செருகிச் சாய்ந்தார். கையை எடுத்ததும் விழித்துக்கொண்டு, "அடடா, எங்கேயோ போயிட்டு வந்த மாதிரி இருக்கே!" என்றார். அவ்வளவுதான். கொலம்பஸுக்குக்கூட அத்தனை சந்தோஷம் இருந்திருக்காது.

அதிலிருந்து அவர் கை அந்த இடத்தைத் தேடித் தேடிப் போயிற்று. வீட்டில் தூக்கம் வராதவர்களெல்லாம் முடி வளர்ந்ததோ இல்லையோ கடைக்கு வந்தார்கள், அவர்களே தாலாட்டு என்று பெயரும் வைத்தார்கள். வகுப்பு முழுவதையும் தூங்கவைத்துவிட்டுத் தான் மட்டும் தூங்க முடியாமல் தவித்த சரித்திர வாத்தியார் வந்தார். மூன்று பெண்டுகள் உள்ள வீட்டில் ஒரே குளியலறைக்குச் சொந்தக்காரரான ஒருவர், கொஞ்சம் அமைதி வேண்டும் என்று வந்தார். எல்லாரையும்விட நிரந்தரமான வாடிக்கை ஐஸ் ஃபாக்டரி வாட்ச்மேன். அந்த மனுஷருக்குப் பகலில் தூக்கம் வருவதில்லை. ராத்திரி வேலையில் நன்றாகத் தூங்கிவிடுவதுதான் காரணம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும்.

இதெல்லாம் தன் கைராசி என்று தாலாட்டு நம்பினார். சிலருக்குக் கை பட்டால் செடி துளிர்க்கும், சிலருக்குக் கை பட்டால் குழம்பு ருசிக்கும், தனக்குக் கை பட்டால் கண் சொக்கும். ஒவ்வொரு முறை யாராவது நாற்காலியில் சொக்கிச் சரியும்போதும் அவர் கண்ணாடியில் பெஞ்சைப் பார்ப்பார். பெரியவர் அந்த நேரம் பார்த்துப் பத்திரிகையை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வார். பொறாமை என்று தாலாட்டு நினைத்துக்கொண்டார். தனக்கு வராத வித்தை மாப்பிள்ளைக்கு வந்தால் மாமனாருக்குக் கசக்கத்தானே செய்யும்.

இப்படியிருக்க, தெருவுக்கு ஒரு டாக்டர் குடிவந்தார். காது, மூக்கு, தொண்டை பார்க்கிறவர். சின்ன வயசு, படிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முடி வெட்ட வந்தவரைத் தாலாட்டு மூன்றாவது நாற்காலியில் உட்காரவைத்து ராஜ உபசாரம் செய்தார். வெட்டினார், பிடித்துவிட்டார், கழுத்துக்கு இறங்கினார். விரல் பட்டதுதான் தாமதம், டாக்டர் வெந்நீர் கொட்டியதுபோல எழுந்துவிட்டார்.

"அண்ணே! என்ன பண்றீங்க? அது என்ன எடம்னு தெரியுமா?"

"தெரியுமே தம்பி. தூக்க நரம்பு."

"நரம்பும் இல்ல, தூக்கமும் இல்ல. மூளைக்கு ரத்தம் போற குழாய். ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. கரோட்டிட்னு பேரு. அதை அமுக்கினா தூக்கம் வராது, மயக்கம் வரும். அந்தப் பேருக்கு அர்த்தமே அதுதான்."

தாலாட்டுக்கு இதுவரை யாரும் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை. சீப்பைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். "பேருக்கு அர்த்தமா?"

டாக்டருக்கும் கற்றதைச் சொல்ல ஆள் கிடைத்த உற்சாகம். "கிரேக்க பாஷையில காரோஸ்னா ஆழ்ந்த மயக்கம். அடிச்சுப் போட்ட மாதிரி கெடப்பாங்கல்ல, அது. அந்தக் குழாயை அமுக்கினா ஆள் மயங்கிடுறான்னு அந்தக் காலத்து வைத்தியருங்க பாத்திருக்காங்க. அதனால அதுக்கு மயக்கற குழாய்னே பேர் வச்சுட்டாங்க. ஆட்டோட கழுத்தை அமுக்கி விழவச்சு, கைய எடுத்ததும் எழுந்திரிக்கவச்சு, வேடிக்கை காட்டிப் பொழச்சவங்ககூட இருந்தாங்களாம். அப்புறம் இன்னொரு வைத்தியர் வந்து, மயக்கம் குழாயால இல்ல, பக்கத்துல போற நரம்பாலதான்னு சண்டை பிடிச்சாரு. சண்டை எப்படியோ போச்சு, பேர் நின்னுபோச்சு."

"எவ்வளவு காலம் இருக்கும் தம்பி இது?"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல. அது கெடக்கட்டும் அண்ணே, நான் சொல்ல வந்தது வேற. வயசானவங்களுக்கு அந்தக் குழாய்க்குள்ள கொழுப்பு படிஞ்சிருக்கும். நீங்க அமுக்கறப்ப ஒரு துணுக்கு பேந்து மூளைக்குப் போயிடுச்சுன்னா கை கால் விழுந்துடும். ஆளே போனாலும் போயிடுவான். தயவுசெஞ்சு இனிமே அதைத் தொடாதீங்க."

டாக்டர் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, ரெண்டாயிரம் வருஷம். இன்னொன்று, தொடாதே. மனிதக் காது கடவுள் படைப்பில் ஓர் அதிசயம். வேண்டியதை மட்டும் உள்ளே விடும், வேண்டாததை வாசலிலேயே நிறுத்திக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும். காது டாக்டராக இருந்தும் அவருக்கு இது தெரியவில்லை.

அடுத்த வாரம் கடை வாசலில் புதிய போர்டு ஏறியது. நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து. "கிரேக்க நாட்டு கரோட்டிட் மசாஜ். இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம். மருத்துவர்கள் பெயர் சூட்டியது." எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கழுத்துப் படம். ஓவியர் அதற்குமுன் வாழைத்தண்டு மட்டுமே வரைந்து பழகியவர் என்று தோன்றியது.

கூட்டம் அலைமோதியது. சும்மா கழுத்தைப் பிடித்துவிடுகிறான் என்றால் போய்த் தொலையட்டும் என்பார்கள். கிரேக்கம் என்றால் வரிசையில் நிற்பார்கள். தாலாட்டு இப்போது முடி வெட்டும்போதே விளக்கவுரையும் கொடுத்தார். "காரோஸ்னா மயக்கம் சார். நம்ம ஆளுங்க இந்தக் கழுத்தை வச்சுக்கிட்டு ஒருத்தனை ஒருத்தன் நெரிச்சதுதான் மிச்சம். அவங்க என்னடான்னா உள்ள போற குழாய்க்கே பேர் வச்சுருக்காங்க." ஆட்டு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

போர்டைப் பார்த்த டாக்டர் பிடரியில் கால் பட ஓடிவந்தார். "அண்ணே, நான் என்ன சொன்னேன், நீங்க என்ன எழுதி மாட்டியிருக்கீங்க?"

"நீங்க சொன்னதுதானே தம்பி? உங்க பேரையும் கீழ போடலாம்னு பாத்தேன். கூச்சப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவது நாற்காலியில் சொக்கிக் கிடந்த சரித்திர வாத்தியாரைக் காட்டி, "இது வெளையாட்டு இல்ல. ஒருநாள் ஒருத்தர் எழுந்திரிக்க மாட்டாரு, அன்னிக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் அதற்குள் எழுந்திருந்து முகம் துடைத்துக்கொண்டார். "இப்ப எழுந்துட்டேனே?" என்றும் கேட்டார். கடையே சிரித்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நம் ஆள் அந்தக் கணக்கில் இன்னும் ஒன்றுகூடத் தாண்டவில்லை, அவரைக் குறை சொல்லக்கூடாது.

மனைவி கீழே இறங்கிவந்து போர்டை நிதானமாகப் படித்தாள். "அந்தத் தம்பி வேண்டாம்னு சொல்லுச்சாமே?"

"படிச்சவங்களுக்கு எப்பவும் பயம்தான். இத்தனை வருஷம் யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைன்னா அது ஒங்க சாமர்த்தியமா, அவங்க அதிர்ஷ்டமா?" என்று கேட்டுவிட்டு அவள் மேலே போனாள். தையல் மெஷின் சத்தம் அன்று வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

பெரியவரும் போர்டைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் படித்தார். "எழுத்து நல்லா வந்திருக்கு மாப்ளே" என்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்.

ஆனாலும் 'நல்லா வந்திருக்கு' என்றாரே! அந்த ஒரு வார்த்தையைத் தாலாட்டு வெல்லக்கட்டியைப்போல வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தார். மலை கரையத் தொடங்கிவிட்டது, இனி நாள் கணக்குதான் என்று மனைவியிடம் சொன்னார். அவர் வாய்முகூர்த்தமோ என்னவோ, எதிர்க்கடைக்காரர் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். திரும்ப எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை.

பெரியவர் கன்னத்தில் வெள்ளை முளைக்கத் தொடங்கியது. தெரு ஆவலோடு பார்த்தது. தாலாட்டு ராஜ நாற்காலியின் பிடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்தார். புதுத் துணி ஒன்று வாங்கிவந்து வெந்நீரில் நனைத்துக் காயவைத்தார். பெரியவர் படி இறங்குகிற சத்தம் கேட்டாலே வெட்டிக்கொண்டிருந்த தலையை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பார். அதில் இரண்டொரு காதுகள் மயிரிழையில் தப்பின.

தாடி வளர்ந்தது, பெரியவர் வரவில்லை. பேத்தி, அதாவது தாலாட்டின் மகள், படிப்பு முடித்துப் பட்டம் வாங்குகிற நாள் நெருங்கியது. குடும்பமாகப் போட்டோ எடுக்க ஸ்டூடியோவில் சொல்லி வைத்திருந்தார்கள். தாத்தா தாடியோடு வந்தால் போட்டோவில் நிற்க மாட்டேன் என்று பேத்தி சொல்லிவிட்டாள். இனி வேறு வழியே இல்லை. போட்டோ எடுக்கிற நாளன்று காலை பெரியவர் துண்டோடு படி இறங்கி வந்தபோது தாலாட்டு நுரைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேவிட்டார்.

பெரியவர் மூன்று நாற்காலியையும் பார்த்தார். "மாப்ளே, வெயில் ஜாஸ்தியா இருக்கும்போல" என்றார். பிறகு பஸ் ஏறிப் போய்விட்டார்.

எங்கோ ஊர்க்கோடியில், முன்பின் தெரியாத ஒரு கடையில் சேவிங் செய்துகொண்டு அவர் திரும்பியபோது உச்சிவேளை. தாடையில் வெட்டு. ரத்தத்தை நிறுத்தத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோலப் பத்திரிகையை விரித்தார்.

மூன்றாவது நாற்காலியில் அப்போது ஐஸ் ஃபாக்டரி வாட்ச்மேன். தாலாட்டின் விரல்கள் அவர் கழுத்தில். கண்ணாடியில் மாமனாரின் தாடையைப் பார்த்ததும் இத்தனை வருஷமாக உள்ளே அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாமா, நான் ஒண்ணு கேக்கணும். எனக்கு என்ன குறை சொல்லுங்க. கை நடுங்குதா? கத்தி மொண்ணையா? ஊரே எங்கிட்ட வந்து உக்காருது. நீங்க மட்டும் பஸ் ஏறிப் போய் எவன்கிட்டயோ வெட்டு வாங்கிட்டு வர்றீங்க. எதிர்க்கடை தூங்குமூஞ்சியைவிடவா நான் கேவலம்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்த நாற்காலியில உக்காந்தா ஒங்க கௌரவம் கொறைஞ்சு போயிடுமா? தெருவுல என்னை எப்படிப் பேசறாங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

பேசப் பேசக் குரல் ஏறியது. குரல் ஏற ஏற விரல்களும் இறுகின. பேசுகிறவர்களுக்குத் தங்கள் கை என்ன செய்கிறதென்று எப்போது தெரிந்திருக்கிறது?

பெரியவர் பத்திரிகையைத் தாழ்த்தினார். அவர் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, மாப்பிள்ளையின் கையை.

"கைய எடுடா!"

கல்யாணமான நாள்முதல் 'மாப்ளே' தவிர வேறு வார்த்தை வராத வாயிலிருந்து 'டா' வந்தது. தாலாட்டு குனிந்து பார்த்தார். வாட்ச்மேனின் முகம் வெளுத்திருந்தது. கண்கள் பாதி திறந்து வெள்ளை மட்டும் தெரிந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கையை எடுத்தும் அவர் விழிக்கவில்லை, அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார்.

பெரியவர் அந்த வயசில் அப்படிப் பாய்வார் என்று யாரும் நினைக்கவில்லை. ஆளைத் தாங்கித் தரையில் கிடத்தினார். காலைத் தூக்கி ஸ்டூலின்மேல் வைத்தார். சட்டைப் பித்தானைக் கழற்றி, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்குக்கு அருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். "தண்ணி ஊத்தாதே. கூட்டம் போடாதே. காத்து வரட்டும்." ஒன்றையும் யோசித்துச் செய்யவில்லை. கை பழகியிருந்தது.

தாலாட்டு நின்ற இடத்தில் நின்றார்.  இப்போது அவருக்கு மாமனார் வேண்டாம், மரியாதை வேண்டாம், இந்த மனுஷன் கண் விழித்தால் போதும் என்றிருந்தது. மாடியில் மெஷின் நின்று, மனைவி படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

வெகுநேரம்போலத் தோன்றிய கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வாட்ச்மேன் விழித்தார். சுற்றி நிற்கிற முகங்களைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"தூங்கல சார்! சத்தியமா தூங்கல. கண்ணை மூடித்தான் இருந்தேன். கேட்டெல்லாம் பூட்டியாச்சு சார்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போடப் பார்த்தார். இடது கை விரல்கள் பித்தானைப் பிடிக்காமல் வழுக்கி வழுக்கிப் போயின. "கை மரத்துக் கெடக்கு" என்று குழந்தையைப்போலச் சொல்லிக் கையைத் தாலாட்டிடம் நீட்டினார். தாலாட்டு அதைப் பிடித்துக்கொண்டார். 

"மாமா," என்றார் மெதுவாக, "இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஏன், நீ ஒருத்தன்தான் கண்டுபிடிச்சேன்னு நெனச்சியா? நானும் வாலிபத்துல அமுக்கினவன்தான். சொக்கி விழறதைப் பாத்து நானும் பூரிச்சுப் போனேன். ஒருநாள் ஒருத்தர் எழுந்திரிச்சாரு, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. கடைசி வரைக்கும் அது நேராகல. அன்னிக்கு விட்டேன். பேர் வச்சவன் ஒன்னை மெச்சியா வச்சான்? பாத்து நடந்துக்கோன்னு சொல்லத்தான் மயக்கம்னு வச்சிருக்கான். வெஷப் புட்டியில வெஷம்னு எழுதற மாதிரி. நீ அதைக் கொண்டுபோய் வாசல்ல மாட்டினே."

"அப்ப நீங்க எதிர்க்கடைக்குப் போனது..."

"பின்னே? நீ எங்க அமுக்கறேன்னு மொத நாளே பாத்துட்டேன். எனக்கு என் உசுரு மேல ஆசை இருக்காதா? அந்தத் தூங்குமூஞ்சி கன்னத்தைத்தான் வெட்டுவான், கழுத்துல கை வைக்கமாட்டான்."

 "மொத நாளே தெரிஞ்சிருக்கு. ஏன் மாமா சொல்லல?"

பெரியவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. மூன்று நாற்காலிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என்னத்தச் சொல்றது? கடை நல்லா ஓடிச்சு. என் காலத்துல ரெண்டாவது நாற்காலியே நெறைஞ்சதில்ல. நீ வந்தப்புறம் வாசல்ல நிக்கறாங்க. அதுவும் என் பொண்ணு சாப்பிடற சோறுதானே. ஒண்ணும் ஆகாம போயிட்டிருந்துச்சு, போகட்டும்னு விட்டுட்டேன்."

அதாவது தன் கழுத்தை மட்டும் பத்திரமாக ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஊரார் கழுத்துகளை மாப்பிள்ளை கையில் விட்டுவிட்டுப் பத்திரிகை படித்திருக்கிறார். சரித்திர வாத்தியார் கழுத்து, ஒரே குளியலறைக்காரர் கழுத்து, இதோ தரையில் உட்கார்ந்து விரலை மடக்கப் பார்க்கிற இந்த அப்பாவியின் கழுத்து.  தாலாட்டுக்கு மாமனாரைத் திட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் திட்ட என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் உடனே தோன்றியது. இந்த மனுஷர் தெரிந்தும் சொல்லவில்லை. என்னிடமோ ஒருவன் இரண்டு தடவை சொன்னான், கெஞ்சாத குறை. கேட்டுவிட்டுப் போர்டு எழுதி மாட்டினேன். இவர் வாயை மூடிக்கொண்டார், நான் காதை மூடிக்கொண்டேன். நல்ல மாமனாருக்கு ஏற்ற நல்ல மாப்பிள்ளை.

தாலாட்டு வாட்ச்மேனின் மரத்த விரல்களைத் தேய்த்துவிட்டார். பெரியவர் திட்டு வராததைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவர் முகம் தெளிந்தது.

"சரி விடு. ஆளு பொழச்சுக்கிட்டான். இனிமே நீ அங்க கை வைக்கமாட்டே, எனக்குத் தெரியும். இப்பத்தான் நீ தொழில்காரன்." தாடையில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிய்த்துப் போட்டார். "அந்தப் படுபாவி பாதியில விட்டுட்டான், தாடைக்குக் கீழ அப்படியே இருக்கு. சாயங்காலம் போட்டோ வேற. எங்கே மாப்ளே, உன் கையைக் காட்டு."

சொல்லிவிட்டு மூன்றாவது நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். துணியைத் தானே எடுத்து மார்பில் விரித்துக்கொண்டார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கழுத்தை நீட்டினார்.

வாசலில் தெரு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி மாடியின் கடைசிப் படியில் நின்றாள். இத்தனை வருஷம் தாலாட்டு கனவு கண்ட கழுத்து அதோ இருந்தது. சுருக்கம் விழுந்து, வெள்ளை மயிர் திட்டுத் திட்டாக, ஓரத்தில் அந்தக் குழாய் துடிப்பது வெளியே தெரிந்தது.

தாலாட்டு குனிந்து வாட்ச்மேனின் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு எழுப்பினார்.

"வாங்க சார், டாக்டர் தம்பிகிட்ட போவோம். நான்தான் அமுக்கினேன்னு நானே சொல்றேன்."

"மாப்ளே?" என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமலே.

"ஒங்க கழுத்து எனக்கு வேண்டாம் மாமா," என்றார் தாலாட்டு. கூட்டம் விலகி வழிவிட்டது. இருவரும் மெதுவாக ரோட்டில் இறங்கி நடந்தார்கள். பெரியவர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல, செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள்.